வாளைக் கீழே வைத்த சாமுராய்கள்



சாமுராய் என்றதும் திரைப்படத்தில் பார்த்த வாள்வீச்சுதான் பலருக்கும் நினைவு வரும். அவர்கள் வாளைக் கீழே வைத்த கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானின் ஆட்சி சாமுராய்களின் கைக்கு வந்தது. 1588இல் ஹிதேயோஷி என்ற தலைவர், உழவர்களிடம் இருந்த ஆயுதங்களை எல்லாம் பறிமுதல் செய்தார். இத்தனைக்கும் அவரே எளிய குடும்பத்தில் பிறந்தவர். அதன்பின் போர்த்தொழில் சாமுராய்களுக்கே உரிய குலத்தொழில் ஆயிற்று.

1603இல் தோக்குகவா ஆட்சி தொடங்கியது. அடுத்த இரண்டரை நூற்றாண்டில் பெரும்பகுதி அமைதிதான். சண்டையே இல்லாத நாட்டில் போர்வீரனுக்கு என்ன வேலை? கணக்கு எழுதினார்கள், வரி வசூலித்தார்கள், நிர்வாகம் பார்த்தார்கள். சம்பளம் அரிசிக் கணக்கில். அதன் அளவு 'கொகு'; ஒரு கொகு சுமார் 150 கிலோ, ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடும் அரிசி. கீழ்நிலைச் சாமுராய்களுக்கு அது போதவில்லை. வீட்டில் குடை செய்து விற்றுப் பிழைத்தவர்களும் உண்டு. இடுப்பில் இரண்டு வாள், தலைக்கு மேல் கடன்!

1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. 1873இல் எல்லாக் குலத்து ஆண்களுக்கும் கட்டாய ராணுவ சேவை. 1876இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை. அதே ஆண்டில் பரம்பரைச் சம்பளத்தை நிறுத்திக் கடன் பத்திரம் கொடுத்துவிட்டார்கள். கவனியுங்கள், இதைச் செய்தவர்கள் அந்நியர்கள் அல்லர். புதிய அரசை நடத்தியவர்களில் பெரும்பாலோர் சாமுராய் குலத்தவரே!

பொறுக்க முடியாமல் 1877இல் ககோஷிமாவில் கிளர்ச்சி வெடித்தது. தலைமை தாங்கிய சைகோ தகமோரி, மெய்ஜி ஆட்சியைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அவரை வென்ற அரசுப் படையில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். 1588இல் யாரிடம் ஆயுதம் பறித்தார்களோ, அவர்கள் வழிவந்தவர்கள் கையில் இப்போது துப்பாக்கி.

மற்ற சாமுராய்கள் என்ன ஆனார்கள்? வியாபாரத்தில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பலர். காவல்துறைக்கும் அரசு அலுவலகங்களுக்கும் போனவர்கள் பலர். 1872 கல்விச் சட்டத்தால் ஊர்தோறும் எழுந்த பள்ளிகளில் ஆசிரியரானவர்களும் நிறைய. கெய்யோ பல்கலைக்கழகத்தை நிறுவிய ஃபுகுசாவா யுகிச்சி ஓர் ஏழைச் சாமுராயின் மகன்.

பிறப்பால் வந்த பெருமை ஓர் அரசாணையில் போயிற்று. படித்த படிப்பை எந்த ஆணையாலும் பறிக்க முடியவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். எழுந்து நிற்க வேண்டாம்!

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்