வகுப்பு, செட், வீடு திரும்பல்: பள்ளி ஒன்றுகூடற் சொற்கள் சில

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இலையுதிர் காலத்தில் நடைபெறும் 'ஹோம்கமிங்' விழாவைத் தமிழிற் பெயர்க்க முனைவோர் இரண்டு சொற்களில் இடர்ப்படுகின்றனர். ஒன்று விழாவின் பெயர். மற்றொன்று, அவ்விழாவில் தம்முள் நட்புப் போட்டியிடும் 'கிளாஸ்' என்னும் குழுவின் பெயர். அகராதி முன்னதற்கு 'வீடு திரும்புதல்' என்றும் பின்னதற்கு 'வகுப்பு' என்றும் பொருள் தந்துவிடும். அவ்வாறே பெயர்த்தால் தமிழில் விளைவது வேறொரு செய்தி. இதற்குரிய காரணம் சொல்லில் மட்டுமன்றிப் பள்ளி என்னும் நிறுவனத்தின் வரலாற்றிலும் உள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது. சான்றுகள் தமிழகம், யாழ்ப்பாணம், மும்பை ஆகிய மூன்று இடங்களினின்றும் கொள்ளப்படுகின்றன.

விழாவின் பெயரை முதலிற் காண்போம். பேய்லர் (1909), இல்லினாய் (1910), மிசௌரி (1911) ஆகிய பல்கலைக்கழகங்கள் இவ்விழாவைத் தொடங்கிய பெருமைக்கு உரிமை கோருகின்றன. கால்பந்தாட்டம் ஒன்றையொட்டிப் பழைய மாணவரைத் திரும்ப அழைத்தலே அதன் கரு. பின்னர் உயர்நிலைப் பள்ளிகளும் இதனை மேற்கொண்டன. அழைப்பவர் இருந்த இடத்திலேயே இருக்க, அழைக்கப்படுவோர் அகன்று சென்றிருத்தல் இச்சொல்லின் முன்னீடு. தமிழில் 'வீடு திரும்பினார்' என்று நாளிதழ் எழுதினால், மருத்துவமனையிலிருந்து ஒருவர் நலம்பெற்று வந்தார் என்பதே பொருள். செய்யுள் வழக்கில் வீடு என்பதற்கு முத்தி என்னும் பொருளும் உண்டு. அது திரும்பி வர இயலாத இடம். 'தாயகம் திரும்புதல்' என்றாலோ, 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையின் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டோரையும், பர்மாவிலிருந்து வந்தோரையும் குறிக்கும் அரசு வழக்காக அது நிலைத்துவிட்டது. கொண்டாட்டத்திற்கு இவற்றுள் எதுவும் உதவாது.

'வகுப்பு' என்பது இன்னும் இடர் மிக்கது. சென்னை மாகாணத்தில் 1921இல் பிறந்த அரசாணை முதல், 1951இல் உச்ச நீதிமன்றம் அம்முறையைச் செல்லாதெனத் தீர்ப்பளித்த காலம் வரையிலும், அதன் பின்னரும், 'வகுப்புவாரி உரிமை' என்னும் தொடரில் இச்சொல் சாதி, சமயப் பிரிவைச் சுட்டி வந்தது. 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் தாராவி உள்ளிட்ட மும்பைப் பகுதிகளில் நிகழ்ந்தவற்றைத் தமிழ் இதழ்கள் 'வகுப்புக் கலவரம்' என்றே எழுதின. அக்காலத்தை அறிந்த வாசகரிடம் 'வகுப்புகளுக்கிடையே மோதல்' என்ற தொடரை ஒரு பள்ளி விழாவின் வருணனையாகக் கொடுத்தல் பொருந்துமா என்பதை மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இப்பொருள்மயக்கம் இல்லையெனினும் 'வகுப்பு' பொருந்தாது. அமெரிக்க மாணவர் உயர்நிலைப் பள்ளியில் நுழையும் நாளிலேயே, நான்காண்டு கழித்து எந்த ஆண்டில் வெளியேறுவாரோ அவ்வாண்டின் பெயரைப் பெறுகிறார். இறுதிவரை அப்பெயர் மாறுவதில்லை, முதுமையிலும் தொடர்கிறது. ஆகவே ஒரு குழுவிற்கும் அதனை அடுத்த குழுவிற்கும் இடையே நடைகூடங்களை அலங்கரித்தல், ஊர்தி அமைத்தல், வடமிழுத்தல் ஆகியவற்றில் எழும் போட்டி நிலைபெற இடமுண்டு. நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுதோறும் சூன் மாதத்திற் பத்தாம் வகுப்பாகிவிடுகிறது. நேற்றைய எதிரியின் பெயர் இன்று நமக்கே வந்துவிடுகிறது. பெயர் ஏறும் படியைச் சுட்டுகிறதேயன்றி ஏறுபவரைச் சுட்டவில்லை. இத்தகைய பெயரின்மேல் நெடுநாட் போட்டி நிற்றல் அரிது.

பழைய கல்விமுறையில் ஆண்டுக் குழுவே இல்லை. திண்ணைப் பள்ளியில் பல நிலை மாணாக்கரும் ஒரே ஆசிரியரிடம், சட்டாம்பிள்ளையின் மேற்பார்வையில் ஒருங்கிருந்து கற்றனர். பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை அங்கு நிலவிய போட்டியின் தன்மையைக் காட்டுகிறது. காலையில் முதலில் வந்த சிறுவன் உள்ளங்கையிற் சரசுவதியின் பெயர் எழுதப்படும், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவன் முதல் அடி, வரவரக் கூடும். பெல்லாரி தமிழ்நிலம் அன்று. ஆயினும் அதே மாகாணத்தைச் சார்ந்தது. அங்குப் போட்டி அன்றாடம் பிறந்து அன்றாடம் முடிவது, ஆளுக்கு ஆள் நிகழ்வது, குழுவிற்கு இடமில்லை.

உடன் கற்றோர்க்குச் சொல் இல்லாமல் இல்லை. ஒருவர் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்யத் தகுந்தோர் நால்வருள் தன்னொடு கற்றவரையும் நன்னூல் சேர்க்கிறது. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு உடன் கற்றவர் என்பது மரபு. உரையாசிரியர் இத்தகையோரை 'ஒருசாலை மாணாக்கர்' என்பர். இத்தொடர் சாலையைச் சுட்டுகிறது, ஆண்டைச் சுட்டவில்லை. தமிழ்மரபில் உடன்பயிறல் இடத்தாற் பெயர் பெற்றது, காலத்தால் அன்று எனக் கருத இதுவே போதிய சான்று.

ஆங்கிலக் கல்வி வந்தபின் போட்டிக்குரிய அலகுகள் வேறுவகையில் அமைந்தன. அவற்றுள் யாழ்ப்பாண வழக்கு வளமானது. அங்கு ஆங்கிலேயப் பள்ளிகளின் 'ஹவுஸ்' முறை 'இல்லம்' எனப் பெயர் பெற்றது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் நாகலிங்கம், காசிப்பிள்ளை, சபாபதி என்றாற்போல மனிதர் பெயரே இல்லப் பெயர். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஓட்டமும் பாய்ச்சலும் மட்டுமன்றி அணிநடையும் இல்ல அலங்காரமும் புள்ளி பெறும். அமெரிக்க விழாவின் அலங்காரப் போட்டிக்கு மிக அணித்தான தமிழ் நிகழ்ச்சி இதுவே. மாணவர் ஆறாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஒரே இல்லத்தினர். பெயர் மாறாமையாற் போட்டி நிலைத்தது. பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையிலான போட்டியும் அவ்வாறே: யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் புனித யோவான் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிய துடுப்பாட்டம் 'வடக்கின் போர்' என இன்றும் வழங்குகிறது. உண்மைப் போர் நிகழ்ந்த மண்ணில் இப்பெயர் தன் விளையாட்டுப் பொருளை இழக்காமல் இருந்தமை வியப்புக்குரியது. பழைய மாணவர் கூடும் நாளும் பெரும்பாலும் இந்த ஆட்ட நாளே. தமிழகத்தில் 'இல்லம்' பரவவில்லை. 'ஹவுஸ்' என்றோ நிறங்களின் பெயராலோ வழங்குகின்றனர்.

'பழைய மாணவர்' என்பது இலங்கை வழக்கு. 'முன்னாள் மாணவர்' தமிழக வழக்கு. தமிழகச் செவிக்குப் 'பழைய' என்பது தேய்ந்ததை நினைவூட்டும். இலங்கைச் செவிக்கு 'முன்னாள்' என்பது பதவியிழந்த அமைச்சரை. மராத்தியில் 'மாஜி வித்யார்த்தி' என்பர். அதே 'மாஜி' தமிழில் மந்திரிக்கும் மன்னருக்கும் முன் வந்தது; மாணவருக்கு முன் வர மறுத்துவிட்டது.

ஆண்டுக் குழுவிற்குரிய சொல் தமிழிற் படித்து வெளியேறிய பின்னரே தேவைப்பட்டது. அது கடனாகவே வந்தது. 'எங்க செட்டு' என்பது பேச்சு வழக்கு. 'பேட்ச்' பின்னர் வந்து எழுத்திலும் ஏறியது. 2018இல் வெளிவந்த '96' என்னும் திரைப்படத்தின் தலைப்பு வெறும் எண். தஞ்சாவூர்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்தோர் சென்னையிற் கூடும் அக்கதைக்கு வேறு பெயர் வேண்டியிருக்கவில்லை. எனினும் இவ்வெண் எங்கும் ஒரே பொருள் தருவதன்று. மகாராட்டிரத்தில் பத்தாம் வகுப்போடு முடியும் புதிய பள்ளி இறுதித் தேர்வு 1975இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் வந்தது. ஆதலால் '1975 பேட்ச்' என்பவர் மும்பையிற் பத்தாண்டு படித்தவராகவும், தமிழ்நாட்டிற் பதினோராண்டு படித்தவராகவும் இருத்தல் கூடும். இலங்கையில் எண் உயர்தரத் தேர்வின் ஆண்டையே பெரிதும் குறிக்கும்.

இனி வாஷி. 1970இல் அமைக்கப்பட்ட சிட்கோ நிறுவனம் திட்டமிட்ட நவி மும்பையில் முதலில் வளர்ந்த பகுதிகளுள் ஒன்று இது. 1973இல் தானே கழியின்மேற் பாலமும், 1992இல் இருப்புப்பாதையும் அமைந்தபின், மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பழைய குடியிருப்புகளின் தமிழ்க் குடும்பங்கள் பல கழி கடந்து வந்தன. இவர்தம் பேச்சில் 'வீடு' வாஷியில் உள்ளது. 'ஸ்கூல்' மாட்டுங்காவிலோ தாராவியிலோ உள்ளது. 'ஊர்' திருநெல்வேலியிலோ பாலக்காட்டிலோ உள்ளது. 'ஊருக்குப் போகிறோம்' என்று மே மாதத்திற் சொல்பவர், தாம் பிறக்காத ஊரையும் அவ்வாறு சொல்வதுண்டு. அமெரிக்கச் சொல் ஒரே இடத்தில் வைக்கும் மூன்றும் இங்கு மூன்று இடங்களாகப் பிரிந்து நிற்கின்றன. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளிற் பள்ளி நடத்துகிறது. ஒரே கட்டடத்திற் பல மொழிவழிப் பள்ளிகள் இயங்குவதும் உண்டு. அங்குப் படித்தவரை அடையாளப்படுத்துவது ஆண்டைவிட 'தமிழ் மீடியம்' என்பதே. தம் பிள்ளைகளை ஆங்கிலவழியிற் சேர்த்துவிட்ட இவர்கள் திரும்பிச் செல்லும்போது கட்டடம் இருக்கும். அம்மொழியில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் குறைந்திருப்பர்.

மும்பை வழக்கில் எச்சரிக்கை ஒன்று வேண்டும். மராத்திப் பள்ளிகளின் ஆண்டு விழா 'ஸ்நேஹசம்மேளன்', பேச்சில் 'கேதரிங்'. மும்பைத் தமிழர் 'கேதரிங்' என்றால் அது பழைய மாணவர் கூட்டமாகாது. படிப்போர் ஆடிப்பாடும் ஆண்டு விழாவே.

விழாவிற்கு இலங்கை வழக்கான 'பழைய மாணவர் ஒன்றுகூடல்' என்பதையே பரிந்துரைக்கலாம். தமிழகச் 'சந்திப்பு' இருவர்க்கும் போதும். அமெரிக்கக் கதையாயின் முதல் ஆட்சியில் 'ஹோம்கமிங்' என்றெழுதி விளக்குதல் நன்று. 'கிளாஸ்' என்பதற்கு 'ஆண்டணி' என ஒரு சொல்லை ஆக்கிக்கொள்ள எண்ணுவோர், அது ஓர் ஆளின் பெயராக ஒலிப்பதைக் கவனிக்க வேண்டும். வினையாலணையும் பெயர் இங்கு உதவும்: கூட வந்தோர் '1980இல் முடித்தோர்'. பள்ளியில் இன்னும் பயில்வோர் 'முடிப்போர்'. ஆங்கிலம் வேறுபாடின்றி வழங்கும் ஒரே தொடரைத் தமிழ் வினை காலங்காட்டிப் பிரித்துவிடுகிறது. இரண்டில் எது என்பதை மூலத்தை நோக்கி ஒவ்வோரிடத்தும் முடிவு செய்தல் வேண்டும்.