அடுப்படியின் நாட்குறிப்பு

வீட்டு வேலைக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. முடிந்த கணத்திலேயே அது அழியத் தொடங்கிவிடுகின்றது. கட்டிய கோயிலும் வெட்டிய குளமும் நூற்றாண்டுகள் நிற்கும். கூட்டிய முற்றமோ மறுநாட் காலையிலேயே மாவிலைச் சருகால் மூடிக் கிடக்கும். சமைத்தது உண்ணப்பட்டுவிடும், தோய்த்தது மீண்டும் அழுக்காகும். ஆகவே, அன்றன்று செய்து முடித்த வேலையை எவரேனும் எழுதிவைத்தாலன்றி, அது நடந்தது என்பதற்கே சாட்சி இல்லாது போகின்றது.

யாழ்ப்பாணத்து வீடுகளில் எழுதிவைக்கும் பழக்கம் இல்லாமல் இல்லை. பஞ்சாங்கத்தின் ஓரத்திலும் கலண்டர்த் தாளிலும் பிள்ளைகளின் பழைய கொப்பிகளிலும் பாற்கணக்கு, சலவைக் கணக்கு, சீட்டுக் காசு என்பன குறிக்கப்பட்டன. இவை யாவும் பணம் கைமாறிய இடங்கள். பணம் கைமாறாத வேலைக்குப் பெரும்பாலும் குறிப்பு இல்லை. நெல் அவித்ததும், வேப்பம்பூ வடகம் காயவைத்ததும், பனங்களி பிழிந்து பாயிற் பரப்பிப் பனாட்டு ஆக்கியதும், பனங்கிழங்கை அவித்துப் புழுக்கொடியலுக்குக் காயப்போட்டதும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

தமிழில் நாட்குறிப்பு என்றதும் நினைவுக்கு வருபவர் புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை. 1736 இல் எழுதத் தொடங்கிய அவர், 1761 இல் மறையும் வரை அதனைத் தொடர்ந்தார். கப்பல் வரவும் துணி வணிகமும் போரும் அரசியலும் அதில் விரிவாக உண்டு. குடும்பத்து நன்மை தீமைகளும் உண்டு. ஆயினும் வணிகர் ஒருவரின் கண்ணுக்குப் பட்ட உலகமே அது. அவர் உண்ட சோற்றை வடித்தவரின் நாள் எவ்வாறு கழிந்தது என்பதை அறிய அது போதாது.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1820 இல் இங்கு வந்து சேர்ந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார், 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். எழுத்தும் வாசிப்பும் தையலும் அங்கு கற்பிக்கப்பட்டன. 1833 இல் அவர் மறைந்தபின், பின்னாளில் தமிழ் - ஆங்கில அகராதியால் (1862) புகழ்பெற்ற அவரது கணவர் மைரன் வின்சிலோ, மனைவியின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் கொண்டு 1835 இல் ஒரு நூலை வெளியிட்டார். ஒரு பெண் யாழ்ப்பாணத்தில் கழித்த நாட்கள் அச்சேறியது இவ்வாறுதான். மிஷன் பணி பற்றியவை என்பதால் அவை காக்கப்பட்டன.

அம்மையாரின் தாயகமான நியூ இங்கிலாந்துப் பகுதியிலேயே, அவருக்கு முந்திய தலைமுறையில் மார்த்தா பலாட் என்றொரு மருத்துவிச்சி வாழ்ந்தார். 1785 முதல் 1812 வரை ஏறக்குறைய 10,000 நாட்களின் குறிப்புகளை அவர் எழுதினார். தாம் பார்த்த 816 பிரசவங்களோடு, அன்றைய வானிலை, நூற்றது, நெய்தது, தோய்த்தது, தோட்டத்தில் நட்டது, வந்துபோனோர் என அனைத்தையும் ஓரிரு வரிகளில் குறித்தார். அற்ப விடயங்கள் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் அவற்றை ஒதுக்கினர். லோறல் தாச்சர் உல்றிச் என்ற பேராசிரியை அந்த அற்ப விடயங்களையே பொறுமையாகத் தொகுத்து, பெண்கள் தமக்குள் நடத்திய உழைப்புப் பரிமாற்றத்தைக் கண்டெடுத்தார். 1990 இல் வெளிவந்த அவரது நூலுக்கு மறு ஆண்டு புலிற்சர் பரிசு கிடைத்தது.

எமக்கு இது ஏன் முக்கியமாகின்றது? 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை இறுகியது. பெண்கள் ஜாம் போத்தலில் பஞ்சை இட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி விளக்கெரித்தனர். சவர்க்காரம் இன்றிப் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தனர். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றபோது, ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்தின. அக்காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால் எறிகணை வீழ்ந்த இடங்களும் இறந்தோர் பெயர்களும் கிடைக்கும். அன்று ஒரு தாய் எத்தனை மணிக்குத் தண்ணீருக்கு நின்றாள், விறகுக்கு எங்கே போனாள் என்பது அரிதாகவே கிடைக்கும். பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதன் காரணம் எனக்கு விளங்குகின்றது. நாள்தோறும் நிகழ்வது செய்தியாவதில்லை.

இன்று அரசுகள் இவ்வேலையை அளக்கத் தொடங்கியுள்ளன. இலங்கையின் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017 இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. இந்தியாவின் 2019 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அவ்வாறு ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டமை தெரியவந்தது. நிமிடங்களின் தொகையை இவை சொல்லும். பனம்பழம் கொண்டு துணி தோய்த்த கைப்பக்குவத்தைச் சொல்லமாட்டா.

அதை அறிந்தவர்கள் இன்று யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் முதியவர்களாக இருக்கின்றனர். அவர்களிடம் பெரிய கதைகளைக் கேட்பதை விட்டு, ஒரேயொரு நாளின் வேலைகளை விடியலிலிருந்து இரவுவரை வரிசையாகச் சொல்லக் கேளுங்கள். அவர்கள் சொற்களிலேயே ஒரு கொப்பியில் எழுதித் திகதியிடுங்கள். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திப் பாதுகாத்து வருகின்றது. அந்த வரிசையில் அடுப்படிக் கொப்பி ஒன்றும் இடம்பெறத் தகுதி உடையதே.