கவிஞர் ஆராய்ந்த நஞ்சு

யுஸ்டினஸ் கெர்னர் (1786–1862) என்னும் பெயரை மேலை இசையில் ஈடுபாடுடைய நண்பர்கள் அறிந்திருக்கக்கூடும். ஜெர்மானியப் புனைவியல் கவிஞர். அவருடைய கவிதைகள் சிலவற்றுக்கு ராபர்ட் ஷூமன் 1840-இல் இசையமைத்தார். அந்தக் கவிஞர் வைன்ஸ்பெர்க் என்னும் சிற்றூரின் மருத்துவருமாவார் என்பதும், முகச்சுருக்கம் நீக்க இன்று போடப்படும் ஊசியின் வரலாறு அவரிடமிருந்து தொடங்குகிறது என்பதும் நாம் தாமதமாகவே அறிந்துகொண்ட செய்திகள்.

நெப்போலியப் போர்களால் வறுமையுற்றிருந்த வுர்ட்டம்பெர்க் நாட்டில், கெட்டுப்போன தொத்திறைச்சியை உண்டு மக்கள் மாண்டுகொண்டிருந்தனர். கெர்னர் 1820-இல் 76 நோயாளிகளைப் பற்றியும், 1822-இல் 155 நோயாளிகளைப் பற்றியும் விரிவாக எழுதினார். இமைகள் தாழ்கின்றன, கண்மணி விரிகிறது, வாய் உலர்கிறது, தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன, ஆனால் அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கிறது. இவற்றைக் குறித்ததோடு அவர் நிற்கவில்லை. அந்நஞ்சைத் தம் நாவிலேயே இட்டுச் சோதித்தார். மிகச் சிறிய அளவில் கொடுத்தால், அடங்காது துடிக்கும் நரம்புகளை இதே நஞ்சு அமைதிப்படுத்தக்கூடும் என்றும் ஊகித்தார்.

அவ்வூகம் மெய்ப்பட நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயின. 1895-இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் என்னும் ஊரில், இழவு வீட்டில் வாசிக்க வந்த இசைக்கலைஞர்கள் பன்றி இறைச்சி உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்து எமீல் வான் எர்மெங்கெம் நஞ்சுக்குரிய நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தார். தொத்திறைச்சியைக் குறிக்கும் 'போட்டுலஸ்' என்னும் இலத்தீன் சொல்லே இந்நஞ்சின் பெயரில் இன்றும் இருக்கிறது. 'போடாக்ஸ்' என்னும் வணிகப் பெயரும் அதன் வழி வந்ததே.

நரம்பின் ஆணை தசையைச் சென்றடையாதபடி தடுப்பதே இந்நஞ்சின் தொழில். சான்பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணைச் சீராக்க 1970-களில் இதைப் பயன்படுத்திப் பார்த்தார். மாறுகண்ணுக்கும், இமைகள் தாமாக இறுகி மூடிக்கொள்ளும் நோய்க்கும் அமெரிக்க அரசு 1989-இல் ஒப்புதல் அளித்தது. இதற்கிடையே 1987-இல் கனடாவின் வான்கூவரில், இமை நோய்க்காக ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்மணியின் புருவ இடைச்சுருக்கம் மறைந்திருப்பதைக் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸ் அறிந்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டருடன் அவர் செய்த ஆய்வு 1992-இல் வெளியாயிற்று. அழகுக்கான ஒப்புதல் 2002-இல் கிடைத்தது. ஊசியின் பயன் மூன்று நான்கு மாதங்களே நிற்கும்.

முகத்தின் பள்ளங்களை நிரப்பும் ஊசிகளின் வரலாறு வேறு. வியன்னாவின் ராபர்ட் கெர்சுனி 1899-இல் பாரஃபின் மெழுகை உடலில் செலுத்தத் தொடங்கினார். மெழுகு இடம்பெயர்ந்தது, கட்டியாயிற்று, பலரின் முகங்கள் கெட்டன. மாட்டின் கண்ணிலிருந்து கார்ல் மேயரும் ஜான் பால்மரும் 1934-இல் பிரித்தறிந்த ஹயலுரோனிக் அமிலமே, 2003-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, இத்துறையில் பெருவழக்காயிற்று. வேண்டாமென்றால் அதைக் கரைத்துவிடலாம். மறு ஆண்டு, எச்.ஐ.வி. நோயாளிகளின் ஒட்டிய கன்னங்களுக்கென்றே மற்றொரு நிரப்பி ஒப்புதல் பெற்றது. தம் நோயை ஊரறியக் காட்டிக்கொடுக்கும் கன்னத்தை மீட்க விரும்பியவரை வீண் ஒப்பனைக்காரர் என்று எவ்வாறு சொல்வது?

ஆகவே இவ்வூசிகளை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. எனினும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பாடம் சொல்லும்போதெல்லாம் ஒரு தயக்கம் எழுகிறது. உள்ளத்து நிகழ்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. வெகுளியில் புருவத்தை நெரிக்கும் தசையைத்தான் இந்த ஊசி தளர்த்துகிறது. உள்ளே அறிவு தெளிந்திருக்க, வெளியே தசை அசையாதிருத்தலைக் கெர்னர் நோய்க்குறியாக எழுதினார். அதனை ஓரளவுக்கு நாம் இன்று விலை கொடுத்து வாங்குகிறோம்.

முதுமையில் கெர்னரின் பார்வை மங்கியது. தாளில் தவறி விழுந்த மைத்துளிகளை மடித்து, அம்மடிப்பில் விரிந்த கறைகளில் உருவங்கள் கண்டு, அவற்றுக்குக் கவிதையும் எழுதினார். அத்தொகுப்பு அவர் மறைவுக்குப்பின் 1890-இல் வெளிவந்தது. சுருக்கத்தைப் போக்கும் மருந்துக்கு வழி திறந்தவர், தம் இறுதிக்காலத்தில் மடிப்புகளையே வாசித்துக்கொண்டிருந்தார்.