காரென்: ஒரு பண்ணையும் அதன் பெயர்களும்

கென்யத் தலைநகர் நைரோபியின் தென்மேற்கே காரென் என்னும் புறநகர் உள்ளது. டேனிய எழுத்தாளர் காரென் பிளிக்ஸன் காப்பிப் பண்ணை நடத்திய நிலம் அது. அங்கு வழங்கும் பெயர்களை அடுக்கடுக்காக ஆராய்ந்தால், குடியேற்றத்தின் வரலாறு புலப்படும்.

அடியில் இருப்பவை மாசாய்ப் பெயர்கள். குளிர்ந்த நீரைக் குறிக்கும் ‘என்கரே நைரோபி’ என்ற தொடரே நைரோபி ஆயிற்று. பண்ணையிலிருந்து தெரியும் ங்கோங் மலையின் பெயர், ‘காண்டாமிருகச் சுனை’ எனப் பொருள்படும் தொடரின் தேய்ந்த வடிவம் என்பர். கண்ணுக்கும் சுனைக்கும் அம்மொழியில் சொல் ஒன்றே. ஊற்றுக்கண் என வழங்கும் நமக்கு இஃது அயலாகத் தோன்றாது. கால்நடைகளோடு அலைந்த மக்கள் நீரைக் கொண்டே இடத்தை அறிந்தனர்.

அடுத்த அடுக்கு ஆவணங்களில் பிறந்தது. 1904, 1911ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் மாசாய்களை அவர்தம் மேய்ச்சல் நிலங்களிலிருந்து அகற்றின. 1915ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையர்க்கு 999 ஆண்டுக் குத்தகைக்கு வழி செய்தது. 1914இல் பிளிக்ஸன் வந்து சேர்ந்தார். 1916இல் ‘காரென் காப்பிக் கம்பெனி’ உருவாயிற்று. ஏறத்தாழ 6,000 ஏக்கரில் காப்பி பயிரானது 600 ஏக்கரில். சுமார் 1,000 ஏக்கரில் கிக்குயுக் குடும்பங்கள் ‘ஷாம்பா’ எனும் விளைநிலங்களை உழுது, அதற்கு ஈடாகப் பண்ணையில் உழைத்தன. தந்தையர் பிறந்த மண்ணில் வாழ்ந்த அவர்களுக்குச் சட்டம் இட்ட பெயர் ‘ஸ்குவாட்டர்’, உரிமையின்றி ஒண்டியிருப்பவர். அவர்கள் பார்வையில் தாமே அவ்வாறு ஒண்டியிருப்பவராகத் தெரிந்திருக்கலாம் என்று பிளிக்ஸன் 1937இல் வெளியிட்ட நூலில் எழுதினார்.

மலையுயரம் காப்பிக்கு ஒவ்வவில்லை. 1931இல் பண்ணை விலைபோய், மனைகளாகத் துண்டாடப்பட்டது. வாங்கியவர் பிளிக்ஸன் பெயரையே இட்டார் என்பர் சிலர். கம்பெனித் தலைவரான அவருடைய தாய்மாமன் ஆகே வெஸ்டென்ஹோல்ஸின் மகள் காரெனின் பெயரே அது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் அது குடியேறியோர் குடும்பத்துப் பெயரே. சிதறாமல் ஒன்றாக வாழ இடம் கேட்ட கிக்குயு மக்களுக்காக அவர் அதிகாரிகளிடம் மன்றாடினார்; டகொரெட்டி காட்டுப் பகுதியில் நிலம் கிடைத்தது. அவர் வாழ்ந்த வீடு 1986இல் அருங்காட்சியகமாயிற்று.

அந்நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. இடம்பெயர்க்கப்பட்ட மாசாய்கள் தம் பழைய குன்றுகள், சமவெளிகள், ஆறுகள் ஆகியவற்றின் பெயர்களை உடன் கொண்டுசென்று, புதிய நிலத்துக் குன்றுகளுக்கும் ஆறுகளுக்கும் இட்டனராம். வழிப்போக்கர் அதனால் குழம்பினர்.

பண்ணையார் போனபின்னும் அக்குடும்பத்துப் பெயர் அங்கே நிற்கிறது; நிலமும் பட்டாவும் அதனைக் காத்தன. நிலமிழந்த மாசாய்களின் பெயர்களைக் காத்தது அவர்களுடைய நா ஒன்றே. சொல்லையே செல்வமாகக் கொண்ட கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது இது.