டிசம்பரில் எழுதிய தீர்ப்பு

வீடியோ கேம் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் கிளம்பும் சண்டைகளில் தீராத சண்டை ஒன்று உண்டு. கேம்களுக்கு மிகச் சிறந்த ஆண்டு எது? 2007 என்பார் ஒருவர். 2017 என்பார் அவரைவிட இளையவர். காதோரம் நரைக்கத் தொடங்கியவர்கள் மட்டும் மறுபேச்சுக்கு இடம் கொடுக்காமல் 1998 என்பார்கள்.

அவர்கள் பக்கம் சாட்சியம் பலமாகத்தான் இருக்கிறது. அந்த ஜனவரியில் ரெசிடென்ட் ஈவில் 2 வந்தது. மார்ச் 31-இல் ஸ்டார்கிராஃப்ட். செப்டம்பரில் ஜப்பானில் மெட்டல் கியர் சாலிட். அதே மாதக் கடைசியில் அமெரிக்காவில் போக்கிமான். அக்டோபரில் கிரிம் ஃபாண்டாங்கோ. நவம்பரில் ஹாஃப்-லைஃப், த லெஜண்ட் ஆஃப் செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம், தீஃப் மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது பால்டர்ஸ் கேட். இவற்றில் எந்த ஒன்றை எடுத்தாலும், வேறொரு ஆண்டில் வந்திருந்தால் தனியாகவே அந்த ஆண்டைத் தூக்கி நிறுத்தியிருக்கும்.

இது தற்செயல் இல்லை. சோனியின் பிளேஸ்டேஷன் 1994 கடைசியிலும் நின்டென்டோ 64 1996-லும் வந்தவை. புதுப் பெட்டி கைக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகள் அதன் சூட்சுமங்கள் பிடிபடுவதிலேயே போய்விடும். 1998-இல் கேம் எழுதுகிறவர்களுக்கு முப்பரிமாணம் பழகிவிட்டது. கணினிப் பக்கம் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கிராஃபிக்ஸ் கார்டு வீடுகளுக்குள் நுழைந்திருந்தது. சிடி வந்ததால் இடப் பஞ்சமும் தீர்ந்தது. நின்டென்டோ மட்டும் பிடிவாதமாகக் கார்ட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டிருந்தது. ஆக்கரினா மொத்தமும் 32 எம்பிக்குள் அடங்கியது.

ஆண்டுக்கு ஒரு முறை இவற்றை வரிசைப்படுத்திப் பரிசு கொடுக்கும் வழக்கம் அப்போது இருபது வயதுகூட ஆகாதது. அமெரிக்காவில் ஆர்னி காட்ஸ், பில் கங்கல் என்ற இருவர் ‘வீடியோ’ என்ற பத்திரிகையில் கேம்களைப் பற்றிப் பத்தி எழுதி வந்தார்கள். 1980-இல் அந்தப் பத்தியிலேயே ஆர்கேட் அவார்ட்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 1983-இல் ‘கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்’ இதழ் கோல்டன் ஜாய்ஸ்டிக் பரிசைத் தொடங்கியது. அங்கே தேர்ந்தெடுத்தது ஆசிரியர் குழு இல்லை, வாசகர்கள். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு வந்த ஜெட்பேக் ஆண்டின் சிறந்த கேம் ஆனது. பத்திரிகைக்குப் பத்திரிகை இந்த வழக்கம் பரவியதற்கு இலக்கிய ஆசை மட்டுமே காரணம் என்று நம்ப வேண்டியதில்லை. பொம்மைகளும் கேம்களும் அதிகம் விற்பது கிறிஸ்துமஸை ஒட்டி. பிள்ளைக்கு எதை வாங்குவது என்று தெரியாமல் கடையில் நிற்கும் பெற்றோருக்கு ஒரு பட்டியல் தேவைப்பட்டது. பட்டியல் போடுகிறவர்களுக்கு விளம்பரம் தேவைப்பட்டது.

1994-இல் தொலைக்காட்சிக்கும் ஆசை வந்தது. நகைச்சுவை நடிகர் லெஸ்லி நீல்சனை மேடையேற்றி ‘சைபர்மேனியா 94’ என்று ஒரு விழா நடத்தினார்கள். முதல் பரிசு மார்ட்டல் காம்பாட்டுக்கு. மேடையில் பேசுகிறவர்களுக்கு வரிகள் எழுதிக் கொடுத்தவர்களில் ஜெஃப் கீலி என்ற பதின்ம வயதுப் பையனும் ஒருவர். அவரிடம் பிறகு வருவோம்.

1998-க்கான தீர்ப்பு எப்படி விழுந்தது? ஜப்பானின் ‘ஃபாமிட்சு’ இதழில் ஒரு கேமுக்கு நாலு பேர் மதிப்பெண் போடுவார்கள், ஆளுக்குப் பத்து. இதழ் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளாக எந்தக் கேமும் நாற்பதுக்கு நாற்பது வாங்கியதில்லை. ஆக்கரினா வாங்கியது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் பரிசு கொடுப்பதில் அப்போதுதான் இரண்டாம் ஆண்டில் காலடி வைத்திருந்த இன்டராக்டிவ் கலை, அறிவியல் அகாடமியும் ஆண்டின் தலைமைப் பரிசை ஆக்கரினாவுக்கே தந்தது. கணினி கேம்களில் ஹாஃப்-லைஃபுக்கு. கேம்ஸ்பாட் மட்டும் அசராமல் கணினிப் பிரிவில் கிரிம் ஃபாண்டாங்கோவைத் தூக்கிப் பிடித்தது. மெக்சிகோவின் இறந்தோர் திருநாளையும் பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களையும் குழைத்து டிம் ஷேஃபர் செய்த அந்தக் கேம் கடையில் போகவில்லை. விற்பனையைப் பார்த்துப் பயப்படாமல் அதற்குப் பரிசு கொடுத்ததுதான் அந்த ஆண்டின் துணிச்சலான முடிவு.

ஆக்கரினாவுக்குக் கிடைத்த புகழ் தகுதியானதுதானா என்று கேட்டால், ஒரே ஒரு பொத்தானைக் காட்டினால் போதும். முப்பரிமாண வெளியில் வாள் சண்டை போடுவது அதுவரை பெரிய தலைவலி. எதிரி பக்கவாட்டில் நகர்ந்தால் கேமரா ஒரு பக்கம், வாள் ஒரு பக்கம், ஆடுகிறவர் ஒரு பக்கம். இதற்கு விடை கிடைத்த இடம் கியோட்டோவில் உள்ள தோயேய் திரைப்படப் பூங்கா. ஆக்கரினாவைச் செய்தவர்களில் தோரு ஒசாவாவும் யோஷியாகி கொய்சுமியும் கோடை வெயிலில் அங்கே சுற்றிவிட்டு, வெயிலுக்கு ஒதுங்க நாடகக் கொட்டகை ஒன்றில் நுழைந்தார்கள். மேடையில் நிஞ்சாக்கள் ஒரு சாமுராயை வளைத்து நின்றார்கள். ஒருவன் அரிவாள் கட்டிய சங்கிலியை வீச, சாமுராய் அதைக் கையில் வாங்கிக்கொண்டான். சங்கிலி விறைத்து நின்றது. வீசியவன் அவனைச் சுற்றிச் சுற்றி நகர்ந்தான். இருவருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சங்கிலி இருந்தால் கேமிலும் இதைச் செய்யலாமே என்று ஒசாவாவுக்குப் பட்டது. கொய்சுமி பார்த்தது வேறு: அத்தனை பேர் சூழ்ந்து நின்றாலும் பாய்வது ஒரு நேரத்தில் ஒருவன்தான், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து ஆக்கரினாவின் இசட் பொத்தான் ஆயின. அழுத்தினால் பார்வை ஓர் எதிரியின் மேல் பூட்டிக்கொள்ளும். அவனைச் சுற்றி வரலாம், விலகலாம், பாயலாம். இன்று முப்பரிமாணத்தில் வாளேந்தும் கேம்கள் பலவற்றில் இந்தப் பொத்தானின் வாரிசு ஒன்று இருக்கும்.

ஹாஃப்-லைஃபின் கதை இன்னும் சுவையானது, ஏனென்றால் அது தோல்வியில் தொடங்குகிறது. மைக்ரோசாஃப்டிலிருந்து வெளியே வந்த கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் இருவரும் 1996-இல் தொடங்கிய வால்வ் நிறுவனம், 1997 இறுதியில் அதை வெளியிட இருந்தது. ஆடிப் பார்த்தார்கள். ருசிக்கவில்லை. அங்கங்கே நல்ல யோசனைகள், ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கட்டியதைப் பெரும்பாலும் கலைத்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். தூக்கி நிறுத்த ஒரு மேதையை வெளியே தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் நிரலாளர், ஓவியர், நிலைகளைக் கட்டுகிறவர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் சேர்த்து ஒரு குழு அமைத்தார்கள். வாரம் நாலு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம், ஐந்து மாதம் அந்தக் குழு உட்கார்ந்து பேசியதாக அங்கே வேலை பார்த்த கென் பேர்ட்வெல் பின்னர் எழுதினார். ஆடுகிறவர் சுவரைச் சுட்டால் சுவரில் தடம் விழ வேண்டும், அவரை உலகம் கண்டுகொள்ளாமல் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதிகளில் ஒன்று. வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடவிட்டு, பின்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். அந்தக் கேம் 50-க்கும் மேற்பட்ட ‘ஆண்டின் சிறந்த கேம்’ பரிசுகளை வாங்கியது.

அடுத்த ஆண்டே பெட்டியின் மேல் அந்தப் பரிசைப் பெயராகவே அச்சடித்து, ‘கேம் ஆஃப் த இயர் எடிஷன்’ என்று விற்றார்கள். அதன்பின் மாரோவிண்ட், ஆப்ளிவியன், ஃபால்அவுட் 3, விட்ச்சர் 3 என்று அந்த முத்திரை குத்திய பெட்டிகள் வரிசையாக வந்தன. எந்தப் பத்திரிகை கொடுத்த பரிசு என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு.

டிசம்பர்ப் பட்டியல்கள் எதைத் தவறவிட்டன? ஹாஃப்-லைஃபிலேயே ஒன்று. அதன் நிரலை எடுத்து மின் லீ, ஜெஸ் கிளிஃப் இருவரும் 1999 கோடையில் கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். சென்னை, கோவை பிரவுசிங் சென்டர்களில் பள்ளிக்கூடப் பையன்கள் காசு சேர்த்து அணி பிரித்து ஆடியது அதைத்தான். அதன் தாய் எது என்று தெரிந்தவர்கள் அந்த அறைகளில் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். மெட்டல் கியர் சாலிடில் பட்டியல் போட்டவர்கள் பார்க்காதது வேறு வகை வேடிக்கை. கதையில் ஒரு கட்டத்தில் ஒரு பெண்ணை வானொலியில் கூப்பிட வேண்டும். அலைவரிசை எண் சிடி உறையின் பின்னால் இருக்கிறது என்கிறார்கள். கதைக்குள் இருக்கும் உறையில் இல்லை, கடையில் வாங்கிய உறையில். 140.15. கேமை இயக்கிய ஹிதேயோ கோஜிமாவின் குறும்பு அது. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வெறும் பிளாஸ்டிக் உறையில் திருட்டு சிடி வாங்கியவர்கள் எந்த உறையைத் திருப்பிப் பார்ப்பது?

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய இடைவெளி ஸ்டார்கிராஃப்டில்தான். அதைச் செய்த பிளிஸார்ட் நிறுவனம் 1996-இல் ஒரு கேம் கண்காட்சியில் முதலில் காட்டியபோது, அந்த நிறுவனத்தின் முந்தைய கேமைச் சுட்டி, விண்வெளிக்குப் போன வார்கிராஃப்ட் என்று கேலி செய்தார்கள். அதே கண்காட்சியில் போட்டி நிறுவனம் ஒன்றின் கேமைப் பார்த்து பிளிஸார்ட்காரர்கள் கலங்கிப்போய், தங்களுடையதைப் பிரித்து மீண்டும் கட்டினார்கள். தங்களைப் பயமுறுத்திய அந்தக் காட்சி, முன்கூட்டியே தயாரித்து ஓடவிட்ட வெறும் படம் என்பது வெகுநாள் கழித்துத் தெரிந்தது. 1998-இல் உலகிலேயே அதிகம் விற்ற கணினி கேம் ஸ்டார்கிராஃப்ட். அந்த ஆண்டில் மட்டும் 15 லட்சம் பிரதிகள். தென் கொரியா அப்போது ஐஎம்எஃப் கடன் வாங்கிய நெருக்கடியில் இருந்தது. வேலை போனவர்கள் பிசி பாங் என்ற கணினிக் கூடங்களைத் திறந்தார்கள். வேலை இல்லாத இளைஞர்கள் அங்கே போய் ஸ்டார்கிராஃப்ட் ஆடினார்கள். 2000-இல் தொழில்முறை ஆட்டத்துக்கென்று சங்கமே வந்தது, முழுநேரத் தொலைக்காட்சி அலைவரிசையும் வந்தது. 2004-இல் பூசான் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு ஒரு லட்சம் பேர் கூடியதாகச் சொல்வார்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் 1998 டிசம்பரில் இதை எப்படி ஊகித்திருக்க முடியும்? அவர் மேல் குற்றமில்லை. ஒரு கேமை ஆடி முடித்துவிட்டு எழுதுகிறார். பத்து ஆண்டு ஆடிய பிறகுதான் புரியும் கேமை என்ன செய்வார்?

எந்த ஆண்டு என்பதிலேயே குழப்பம் வேறு. போக்கிமான் ஜப்பானில் 1996 பிப்ரவரியிலேயே வந்தது. சுய்கோடன் 2 ஜப்பானில் 1998 டிசம்பர், ஆங்கிலத்தில் அடுத்த ஆண்டு. கொனாமியின் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் அந்த ஆண்டுதான் ஜப்பான் ஆர்கேடுகளில் கால் பதித்தது. வீட்டுக் கேம்களை மதிப்பிடுகிறவர்களின் மேசைக்கே அது வரவில்லை. சேகாவின் பான்சர் டிராகூன் சாகா விமர்சகர்கள் கொண்டாடியும் மேற்கில் சில பல்லாயிரம் பிரதிகளோடு நின்றுபோனது. அதன் மூல நிரல் தொலைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

இந்த வழக்கம் பின்னர் காசோடு இன்னும் நெருக்கமாகிவிட்டது. 2001-இல் வந்த மெட்டாகிரிட்டிக், ஊரெல்லாம் எழுதும் மதிப்புரைகளை ஒற்றை எண்ணாகச் சுருக்கியது. பதிப்பாளர்கள் அந்த எண்ணை வைத்து ஊக்கத்தொகை பேசத் தொடங்கினார்கள். ஃபால்அவுட்: நியூ வேகஸ் 85 வாங்கினால் அதைச் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்குப் போனஸ் என்று ஒப்பந்தம் இருந்ததாகவும், வந்தது 84 என்றும் அங்கே இருந்த கிறிஸ் அவலோன் 2012-இல் சொன்னார்.

வரி எழுதிக் கொடுத்த பையன் ஜெஃப் கீலி 2014-இல் தன் சொந்தப் பணத்தையும் போட்டு ‘த கேம் அவார்ட்ஸ்’ தொடங்கினார். இன்று இந்தத் தொழிலின் பெரிய மேடை அது. ஊடக நடுவர்களின் வாக்குக்கு 90 சதவீதம், பொதுமக்கள் வாக்குக்கு 10. விழாவில் பெரும்பகுதி வரப்போகும் கேம்களின் முன்னோட்டங்கள். 2023-இல் பரிசு வாங்கியவர்கள் வாயைத் திறந்து அரை நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளும்படி எதிரே திரையில் எழுத்து மின்னியது. பலர் முகம் சுளித்தார்கள்.

அதற்காக முழுக்க மக்களிடம் விட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் கடையின் 2023 வாக்கெடுப்பில், வெளிவந்து ஆண்டுகள் ஆன பின்னும் அக்கறையோடு பராமரிக்கும் கேமுக்கான பரிசு, கைகழுவிவிட்டார்கள் என்று ஆடுகிறவர்களே திட்டித் தீர்த்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்குப் போனது. அது நையாண்டி வாக்கு. 2025 ஏப்ரலில், படங்களுக்கும் கேம்களுக்கும் பரிசு கொடுக்கும் பிரிட்டனின் பாஃப்டா அகாடமி, எல்லாக் காலத்திலும் அதிகத் தாக்கம் செலுத்திய கேம் எது என்று பொதுமக்களைக் கேட்டது. முதலிடம் சேகாவின் ஷென்மூவுக்கு, 1999-இல் வந்து போட்ட பணத்தை எடுக்க முடியாமல் போன கேம். ஹாஃப்-லைஃப் நாலாவது, ஆக்கரினா ஐந்தாவது. ஏழாவது இடத்தில் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2, அது கடைக்கு வந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்டார்கிராஃப்ட் அந்தப் பட்டியலிலேயே இல்லை.