தெருச் சீனும் நிஜத் தெருவும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை மட்டுமே நம்பிய மானாவாரிப் பூமி. பங்குனி, சித்திரையில் சாமி கும்பிட்டால் ஊர் மந்தையில் விடிய விடிய நாடகம் உண்டு. பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’. அந்த நாடகத்தின் மேடையையும் படுதாவையும் வைத்து நம் வரலாற்றைக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறோம்.

எழுதிய படுதாக்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் கம்பெனிகளின் வழியாக இங்கே வந்தவை. கம்பெனிகள் நொடித்த பின்னும் ஸ்பெஷல் நாடகம் அவற்றை விடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் எல்லாரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அங்கே நடிகருக்கு வழிகாட்டுவது படுதாதான். காடு விழுந்தால் தினைப்புனம். ஒரு பெஞ்சு பரணாகிவிடும். தர்பார் விழுந்தால் அரண்மனை. தெருச் சீன் விழுந்தால் நடுரோடு. பபூனும் ஆட்டக்காரப் பெண்ணும் மோதிக்கொள்ளும் இடம் அதுதான்.

அந்தத் தெருவில் யாரும் நடக்கலாம். வேடன் வருவான், கிழவன் வருவான், பபூன் செருப்போடு குதிப்பான். யாரும் தடுப்பதில்லை.

ஆனால் மேடைக்குக் கீழே? சாமி பார்க்க வேண்டும் என்று மேடையைக் கோயிலைப் பார்த்துப் போடுவார்கள். மேடைக்குக் குழி தோண்டியவர்கள் நம் ஆட்கள். நாடகம் என்று பறையடித்துச் சொன்னவர்கள் நம் ஆட்கள். சாக்கை விரித்து நாங்கள் உட்கார்ந்தது மந்தையின் ஓரத்தில். ஆர்மோனியம் கேட்கும்; முகம் தெரியாது. விடிந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதே ஊர்த் தெருவைக் கடந்து வீட்டுக்குப் போவோம். படுதாவில் இருந்த தெரு எங்களுக்குத் திறந்திருந்தது. மண்ணில் இருந்த தெரு மூடியிருந்தது.

யார் எங்கே நிற்கலாம் என்பதற்காக ரத்தம் சிந்திய பூமி இது. 1897இல் பக்கத்துக் கமுதியில் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. இடையில் 1899இல் சிவகாசிக் கலவரம். இங்கே இடம் என்பதே சாதிதான்.

அந்தச் சிவகாசியில் 1886இல் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் விஸ்வநாததாஸ். முருகன் வேடத்தில் மேடையேறி, விடுதலைப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். பார்த்த சனம் அவரை முருகனாகவே கும்பிட்டது. ஆனால் சாதியைச் சொல்லி அவரோடு நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். படுதாவுக்கு முன்னால் கடவுள், பின்னால் தீண்டத்தகாதவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், மயில் வாகனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. அட்டையும் சாயமும் தந்த அந்த உயரத்தைச் சக நடிகர் சிலரின் மனசு கடைசிவரை தரவில்லை.

பிறகு படுதாவே வேண்டாம் என்ற காலம் வந்தது. பாதல் சர்க்காரின் மூன்றாம் அரங்கு நடிகரையும் பார்வையாளரையும் ஒரே தரையில் நிறுத்தியது. இளையான்குடிப் பக்கத்து மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரன் ‘பலி ஆடுகள்’ எழுதினார். சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பறையை அரங்கின் நடுவுக்குக் கொண்டுவந்தார். பறை அடித்தால் போதும், சுற்றி நிற்கிற சனமே எல்லை. மேடை, திரை, வாடகை எதுவும் தேவையில்லை.

ஆனால் தோழர்களே, படுதாவைக் கழற்றிவிட்டதால் மட்டும் இடம் மாறிவிடாது. நம் நாடகத்தை நம் தெருவிலேயே போட்டு நாமே கைதட்டிக் கலைந்தால், அந்த ஓரத்துச் சாக்கைத்தான் மறுபடி விரிக்கிறோம். எனவே நாடகம் போட நினைக்கிற மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். கதையை முடிவு செய்யும் முன்பே இடத்தை முடிவு செய்யுங்கள். வட்டம் எங்கே போடுகிறோம், யார் முன்னால் உட்காருகிறார்கள், எந்தத் தெரு வழியாக வந்து எந்தத் தெரு வழியாகத் திரும்புகிறோம் என்று முதலில் பேசுங்கள். மந்தை பொதுச் சொத்து. அங்கே ஆடும் உரிமையைக் கேளுங்கள்.

தெரு எல்லாருக்கும் ஆனது என்பதைச் சின்ன வயதில் எங்களுக்குக் காட்டியது ஒரு கிழிந்த படுதா. அதை மண்ணில் நடத்திக் காட்டுவது உங்கள் வேலை.