ஈயக் குட்டையில் போன படங்கள்

1957 ஏப்ரலில் சிங்கப்பூரின் கேத்தே திரையரங்கில் வெளியான 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் பேய்ப்படம் வாரக்கணக்கில் கூட்டம் குறையாமல் ஓடியது. மரியா மெனாடோ பேயாக நடித்தார். சீன ரசிகர்களும் கேட்டதால் கான்டனீஸ் மொழியில் குரல் மாற்றினார்கள். அதே ஆண்டில் இரண்டாம் பாகம், 1958இல் மூன்றாம் பாகம் என்று வரிசையாக வந்தன. இயக்கியவர் பி. என். ராவ். மலாயாவுக்கு வருவதற்கு முன்பே தமிழில் 'ரம்பையின் காதல்' (1939), 'சாலிவாகனன்' (1945) போன்ற படங்களை எடுத்திருந்தவர். இன்று மூன்றாம் பாகமான 'சும்பா பொந்தியானாக்' மட்டுமே பார்க்கக் கிடைக்கிறது. மலாய் மொழியில் பேய்ப்பட மரபையே தொடங்கி வைத்த முதல் படமும், அதன் வசூலை நம்பி எடுத்த இரண்டாவதும் இல்லை. சில புகைப்படங்கள், சுவரொட்டிகள், நடித்தவர்களின் பேட்டிகள் இவற்றை வைத்துத்தான் கதையையே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

படம் என்ன ஆயிற்று என்பதற்குத் திரையுலகில் ஒரு விளக்கம் புழக்கத்தில் இருக்கிறது. அதைத் தயாரித்த கேத்தே-கெரிஸ் நிறுவனத்தை 1953இல் கேத்தே அதிபர் லோக் வான் தோவுடன் சேர்ந்து தொடங்கிய ஹோ ஆ லோக், பிறகு கூட்டிலிருந்து பிரிந்தபோது சில படங்களைத் தன் பங்காக எடுத்துச் சென்றார். கோலாலம்பூர் அருகே உலு கிளாங்கில் மெர்டேக்கா ஸ்டூடியோவை அமைத்தார். பின்னாளில் சுருள்களை வைக்க இடமில்லாமல், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றில் வீசிவிட்டார் என்கிறார்கள். காஜாங், சுங்கை பெசி, செர்டாங் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு ஈயக் குட்டை என்றால் விளக்கம் தேவையில்லை. பச்சை நிறத்தில் ஆழம் தெரியாமல் கிடக்கும் தண்ணீர். அதில் போனது திரும்பாது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் அவரைக் குறை சொல்லி முடிக்கிறார்கள். எனக்கு அது போதிய விளக்கமாகப் படவில்லை. ஒருவரின் அலட்சியத்தால் ஒரு படம் போகலாம். ஒரு காலத்தின் படங்களே கொத்தாகப் போயிருக்கின்றன என்றால் காரணம் தொழிலின் அமைப்பில் இருக்க வேண்டும். அந்தத் தொழிலில் படம் என்பது சரக்கு. விற்றுத் தீர்ந்த சரக்கைக் காப்பாற்றும் வேலை யாருக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை.

சரக்கு என்று சொல்வது வசையாக அல்ல, கணக்காகத்தான். பதினைந்தாயிரம் அடி நீளமுள்ள தமிழ்ப் படம் என்றால் ஆயிரம் அடிச் சுருள்கள் பதினைந்து. தகர டப்பாக்களோடு சேர்த்துத் தூக்கினால் ஓர் ஆளின் தோளுக்குப் போதிய சுமை. இதைத்தான் 'பெட்டி' என்பார்கள். சென்னையில் படம் எடுப்பவர் வெளிநாட்டு உரிமையைத் தனியாக விற்றார். கோடம்பாக்கம் அதற்கு இன்றும் எஃப்.எம்.எஸ். உரிமை என்றுதான் பெயர் சொல்கிறது. வாங்கியவர் ஒரு சில பிரதிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்து, முதலில் நகரத் திரையரங்குகளிலும், பிறகு சிற்றூர்களிலும், கடைசியாகத் தோட்டத் திடல்களிலும் ஓட்டினார். ஒவ்வொரு ஓட்டத்திலும் படம் கொஞ்சம் சிதையும். கருவியின் பற்கள் ஓரத்துத் துளைகளைக் கிழிக்கும். அறுந்த இடத்தில் ஆபரேட்டர் இரண்டு முனைகளையும் வெட்டி ஒட்டுவார். ஒட்டும்போது சில சட்டங்கள் குப்பைக்குப் போகும். நேரம் போதவில்லை என்றால் பாட்டையே வெட்டிவிடுவதும் உண்டு. தோட்டத்துக்கு வந்து சேரும்போது மழை பெய்வது போலத் திரை முழுக்கக் கோடுகள் விழுந்திருக்கும். ஒப்பந்தக் காலம் முடிந்த பெட்டியைத் திருப்பி அனுப்பக் கப்பல் கூலி உண்டு. வைத்துக்கொள்ளக் கிடங்கு வாடகை உண்டு. அழித்துவிட்டால் செலவே இல்லை. இதில் ஒரு முரண் இருக்கிறது. அதிகம் விரும்பப்பட்ட படம்தான் அதிகமுறை ஓடியது, ஆகவே முதலில் நைந்தும் போனது. யாரும் பார்க்காத படத்தின் பிரதி புத்தம் புதிதாக டப்பாவுக்குள் இருந்தது. அன்புக்கும் ஆயுளுக்கும் தொடர்பில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க அதே பி. என். ராவின் படங்களே போதும். 1953இல் கேத்தேயின் போட்டியாளரான ஷா நிறுவனத்துக்காக அவர் எடுத்த 'ஹுஜான் பானாஸ்', பி. ரம்லி நடித்தது, இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. இயக்குநர் ஒருவரே, காலம் ஏறத்தாழ ஒன்றே, தட்பவெப்பமும் ஒன்றே. வேறுபாடு உரிமையாளரிடம். ஷா நிறுவனம் சிங்கப்பூரிலிருந்த தன் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவை 1967இல் மூடிய பிறகும் வணிகத்தில் நீடித்தது. கிடங்கு அவர்கள் கையிலேயே இருந்தது. அந்தச் சமயத்தில் தொலைக்காட்சி வந்து பழைய படத்துக்கு இரண்டாவது சந்தையைத் திறந்துவிட்டது. பெருநாள் தோறும் ரம்லி படம் போடும் வழக்கம் இப்படித்தான் சாத்தியமானது. 'பொந்தியானாக்' முதல் இரண்டு பாகங்களோ கூட்டு உடைந்த இடத்தில் மாட்டிக்கொண்டன. கேத்தேயிடமே தங்கிவிட்ட மூன்றாம் பாகம் தப்பித்தது. இதற்கு எதிர்ச்சான்றாக ரம்லியின் புகழைக் காட்டுபவர்கள் உண்டு: அவ்வளவு பெரிய கலைஞன் என்பதால்தான் அவர் படங்கள் காப்பாற்றப்பட்டன என்பார்கள். அப்படியென்றால் 1964இல் அவர் மெர்டேக்கா ஸ்டூடியோவில் இயக்கிய முதல் படமான 'சித்தோரா ஹரிமாவ் ஜாடியான்' எங்கே? அந்தக் கதையை ரம்லி நாவலாகவும் எழுதினார். நாவல் இருக்கிறது, படம் பார்க்கக் கிடைப்பதில்லை. நாட்டிலேயே மிக அதிகமாகப் போற்றப்படும் கலைஞனின் படத்துக்கே இந்தக் கதி என்றால், புகழைப் பாதுகாப்புப் பெட்டகமாக எண்ணுவதில் பொருளில்லை.

அடுத்து வரும் வாதம் பதிப்புரிமை. பழைய படங்கள் எங்கோ இருக்கின்றன, வழக்கும் உரிமைச் சண்டையும் அவற்றைப் பூட்டி வைத்திருக்கின்றன என்பது பரவலான நம்பிக்கை. ஹாலிவுட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். ஜோன் கிராஃபோர்டு நடித்த 'லெட்டி லிண்டன்' (1932) ஒரு நாடகத்தைத் திருடி எடுக்கப்பட்டது என்று 1936இல் தீர்ப்பானதால், பிரதி நல்ல நிலையில் இருந்தும் பல பத்தாண்டுகள் வெளியே வராமல் கிடந்தது. ஆனால் அங்கேயும் பூட்டிய படங்களைவிட அழிந்த படங்களே பெரும்பான்மை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கு எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 மௌன முழுநீளப் படங்களில் முதலில் வெளியான வடிவத்திலேயே எஞ்சியவை 14 விழுக்காடுதான். நம் பக்கத்திலோ வழக்கு ஒரு படத்தைக் காப்பாற்றிய வேடிக்கையும் நடந்திருக்கிறது. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப்படம் திருவனந்தபுரத்தில் வெளியானபோது, நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புத்தக நிலையம் நீதிமன்றம் சென்றது. படம் பறிமுதலாகி அந்தப் பதிப்பகத்தாரிடமே பல ஆண்டுகள் தூங்கியது. 1974இல் புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றது. தென்னிந்திய மௌனப்படங்களில் எஞ்சியது அது ஒன்றே என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1931 அக்டோபர் 31 அன்று வெளியாகித் தமிழின் முதல் பேசும்படமாக நின்ற 'காளிதாஸ்' தடையின்றி ஓடியது, கொண்டாடப்பட்டது, மறைந்துவிட்டது. வழக்கில் சிக்கிய படம் ஓடாததால் நையவில்லை, சாட்சிப்பொருள் என்பதால் எறியப்படவுமில்லை. அதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருந்தார் என்பதே விஷயம். அவர் வழக்குப் போட்ட எதிராளி என்பது தற்செயல்.

மலேசியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டு முடிந்தபின் 50 ஆண்டுகள். 1957இல் வந்த 'பொந்தியானாக்' மேலிருந்த உரிமை 2007 டிசம்பரோடு தீர்ந்தது. இன்று யார் வேண்டுமானாலும் இந்நாட்டில் திரையிடலாம். திரையிடச் சுருள்தான் இல்லை.

வெப்பமண்டலக் காற்றைக் குற்றவாளியாக்குவது இன்னொரு வழக்கம். இதில் உண்மை இல்லாமலில்லை. 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் சுருள் தானே தீப்பிடிக்கக் கூடியது. பிறகு வந்த அசிட்டேட் சுருள் ஈரமும் வெப்பமும் பட்டால் புளிக்கத் தொடங்கும். அப்படிப் புளித்த டப்பாவின் மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுவது வினிகர் நெடி. உள்ளே படம் சுருங்கி, அலையலையாக வளைந்து, மேற்பூச்சு செதில் செதிலாக உதிரும். ஒரு டப்பாவில் தொடங்கியது பக்கத்து டப்பாக்களையும் பிடித்துக்கொள்ளும். கனடாவின் டாசன் நகரத்தில் 1929இல் ஒரு பழைய நீச்சல் குளத்தைத் தூர்க்கப் போட்ட 500க்கும் மேற்பட்ட மௌனப்படச் சுருள்கள், 1978இல் தோண்டியபோது உறைமண்ணின் குளிரில் பிழைத்திருந்தன. அதுவும் விநியோகத்தின் கடைசி ஊர். திருப்பி அனுப்பும் செலவுக்கு யாரும் தயாராக இல்லாததால் பெட்டிகள் அங்கேயே தேங்கின. மலாயாத் தோட்டங்களைப் போலத்தான். அங்கே குளத்தில் போட்டது கிடைத்தது, இங்கே குட்டையில் போட்டது கரைந்தது. அந்த அளவுக்குத் தட்பவெப்பத்தைக் குறை சொல்லலாம். ஆனால் அதே சிங்கப்பூர்க் காற்றில்தான் கேத்தே-கெரிஸின் 91 மலாய்ப் படங்கள் பிழைத்து, ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கைக்கு வந்து, 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டிலும் ஏறின. எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்: காப்பகம் இருந்தும் புணேயில் 2003 ஜனவரியில் நைட்ரேட் கிடங்கு எரிந்து அரிய சுருள்கள் போயின. பொறுப்பாளர் இருந்தால் எல்லாம் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. இல்லாவிட்டால் பிழைப்பது விபத்து.

உள்ளூரிலேயே இதற்கு நல்ல ஒப்பீடு உண்டு. 1946இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மலாயன் ஃபிலிம் யூனிட் அரசின் செய்திப்படங்களையும் பிரசாரப் படங்களையும் எடுத்தது. தமிழிலும் குரல் கொடுத்தது. அவசரகாலத்தில் (1948-60) தகவல் இலாகாவின் வேன்கள் அவற்றைக் கம்பங்களிலும் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் காட்டின. கிளாங் பள்ளத்தாக்கின் தோட்டத்துப் பிள்ளைகள் ஒரே திடலில் இரண்டு வகைப் படத்தையும் பார்த்திருப்பார்கள்: வேனில் வந்த இலவசப் படம், காசு கொடுத்துப் பார்த்த தமிழ்ப் படம். முதலாவதற்காக யாரும் முன்வரிசைக்கு அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவற்றில் பல இன்று லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் எண்ணிட்ட டப்பாக்களில் இருக்கின்றன. அரசுக்குக் கோப்பு வைக்கும் பழக்கம் இருந்தது, படமும் ஒரு கோப்பானது. இதன் விளைவு வரலாறு எழுதுபவர்களைத்தான் தாக்குகிறது. அந்தக் காலத்து மலாயாத் தமிழரைத் திரையில் காண விரும்புகிறவருக்கு, அரசு காட்ட விரும்பிய தமிழர் கிடைக்கிறார். அவர்கள் தாங்களாகப் பணம் கொடுத்துப் பார்த்து அழுத படங்களில் பல கிடைப்பதில்லை.

சாதாரண வணிகப் படங்கள்தானே, போனால் என்ன என்பவர்களுக்கும் ஒரு பதில் வேண்டும். போனவற்றில் பல குப்பையாகவும் இருக்கலாம். மறுக்க வழியில்லை, பார்க்கவே முடியாதபோது. ஆனால் மலாய் சினிமாவின் பிறப்பைப் பற்றிப் பேச அவைதான் சான்று. 'லைலா மஜ்னுன்' என்ற முதல் மலாய்ப் படத்தை 1930களில் எடுத்தவர் இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹான்ஸ், அது இல்லை. போருக்கு முன் ஷா நிறுவனம் எடுத்த மலாய்ப் படங்களும் இல்லை. போருக்குப் பின் ஜாலான் அம்பாஸில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பலர் தென்னிந்தியர். பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன்தான் 'பக்தி' (1950) படத்தில் ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கினார். கதையை நிறுத்திப் பாட்டை வைப்பது, தாயின் கண்ணீரில் உச்சக்காட்சியை முடிப்பது போன்றவை தமிழ் சினிமாவிலிருந்து வந்தனவா, பங்சவான் என்ற மலாய் நாடக மேடையிலிருந்து வந்தனவா என்ற விவாதம் நடந்துகொண்டே இருக்கிறது. முதல் படங்கள் இல்லாமல் இரண்டு தரப்பும் ஊகத்தில்தான் பேசுகிறார்கள். இந்த இயக்குநர்களின் படங்கள் இந்தியக் காப்பகத்தின் கண்ணில் வெளிநாட்டுச் சரக்கு; மலேசியாவின் கண்ணில் சிங்கப்பூர்த் தயாரிப்பு; நம் தமிழ்ச் சங்கங்களின் கண்ணில் மலாய்ப் படம், ஆகவே நம்முடையதல்ல. மூன்றாவது பார்வைதான் எனக்கு மிகவும் விசித்திரமாகத் தோன்றுகிறது.

எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே என்பது இன்றைய சமாதானம். இணையத்தில் ஏறியிருப்பது தொலைக்காட்சிக்கும் வீடியோ நாடாவுக்கும் தப்பி வந்தவை. அந்த வடிகட்டியில் நிற்காதது அங்கேயும் இல்லை. தேடுவதென்றால் விநியோகம் முடிந்த இடங்களில்தான் தேட வேண்டும். ஜான் ஃபோர்டின் காணாமற்போன 'அப்ஸ்ட்ரீம்' (1927) 2010இல் நியூசிலாந்துக் காப்பகத்தில்தான் அடையாளம் காணப்பட்டது. 'மெட்ரோபோலிஸ்' படத்தின் வெட்டுப்பட்ட காட்சிகள் 2008இல் பியூனஸ் அயர்ஸில் கிடைத்தன. 'பொந்தியானாக்' மலாய்ப் பிரதி குட்டையில் போயிருந்தாலும், கான்டனீஸ் பிரதி ஹோ ஆ லோக்கின் கிடங்குக்குப் போகாமல் வேறு பாதையில் போயிருக்கலாம். சென்னையில் இல்லாத தமிழ்ப் படங்களின் பிரதிகளுக்கு மலாயாவும் அப்படி ஒரு கடைசி நிறுத்தம். மூடிய திரையரங்குகளின் உரிமையாளர் குடும்பங்கள், தோட்டம் தோட்டமாகப் படம் காட்டிய ஒப்பந்தக்காரர்களின் வாரிசுகள், அவர்களுடைய ஸ்டோரில் இன்னும் இரும்புக் கடைக்குப் போகாத தகர டப்பாக்கள் இவற்றின் பட்டியலை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. வினிகர் நெடி வருகிற டப்பாவைக்கூட ஒதுக்க வேண்டியதில்லை; ஓரளவு சுருங்கிய படத்தையும் சட்டம் சட்டமாக ஸ்கேன் செய்யும் கருவிகள் வந்துவிட்டன.